பிடித்த நாவல் தொடராக வரும்போது செய்யக்கூடாதவை

நாம் கொண்டாடிய அறிவியல் புனைகதை ஒன்று தொடராக வருகிறது என்றதும், பலர் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்து மறுபடி படிக்க உட்காருகிறார்கள். தொடர் தொடங்குவதற்கு முந்தைய வாரம் மட்டும் இது வேண்டாம். வரிக்கு வரி நினைவில் இருக்கும்போது திரையில் எது மாறினாலும் பிழையாகவே தெரியும். பார்த்து முடித்த பிறகு படியுங்கள். எதை ஏன் மாற்றினார்கள் என்பது அப்போதுதான் பிடிபடும்.

அந்த ‘ஏன்’ என்பதைக் கேட்காமல் விடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. விண்மீன்களெங்கும் பரந்த ஒரு பேரரசு சரிவதைச் சொல்லும் ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ நாவல் 1951இல் புத்தகமாக வந்தது. கதை தலைமுறைகளைத் தாண்டிப் போகும். ஒரு பகுதியில் பழகிய ஆள் அடுத்த பகுதியில் உயிரோடு இருக்கமாட்டார். படிக்கும்போது இது உறுத்தாது, அங்கே வரலாறுதான் நாயகன். தொலைக்காட்சிக்கு அது போதாது, வாரா வாரம் நாம் தேடி வர ஒரு முகம் வேண்டும். 2021இல் தொடங்கிய ஆப்பிள் டிவி தொடர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரே பேரரசனின் குளோன்கள், அதாவது அச்சு அசலான மரபணு நகல்கள், இளையவர், நடுவயதினர், முதியவர் என மூவராக அரண்மனையில் இருப்பார்கள். நூறு ஆண்டு கழித்தும் அரியணையில் அதே முகம்! அந்த நாவலில் இப்படியொரு வம்சமே கிடையாது. ‘அசிமோவ் எழுதாததையெல்லாம் சேர்த்துவிட்டார்களே’ என்று பாதியில் நிறுத்தியவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தன் அழிவை ஒப்புக்கொள்ள மறுக்கும் ஒரு பேரரசை அந்த மூவரைவிடத் தெளிவாக வேறெதுவும் அந்தத் தொடரில் காட்டவில்லை.

அப்புறம், மூலத்தை அப்படியே எடுக்க வேண்டும் என்கிறோமே, எந்த மூலத்தை? சீன எழுத்தாளர் லியு சிக்சினின் ‘த்ரீ பாடி ப்ராப்ளம்’ நாவல் 2006இல் சீன இதழில் தொடர்கதையாக வந்தபோது, மாவோ காலத்துக் கலாசாரப் புரட்சியில்தான் தொடங்கியது. 2008இல் நூலானபோது அந்தப் பகுதி நடுவே போனது. 2014இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் மறுபடி முன்னால் வந்தது. இதில் சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு ஒரு வசதி உண்டு. சீனத்தில் படித்த ஒருவர் அலுவலகத்தில் பக்கத்து மேசையிலேயே இருக்கக்கூடும், மதிய உணவின்போது கேட்டுப் பாருங்கள். அதே கதை 2023இல் சீனாவில் 30 பகுதிகளாக வந்தது, நூலை ஒட்டியே போகும். 2024இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடர் 8 பகுதிகள்தான். நாவலில் ஒரே விஞ்ஞானி சுமந்ததை அது பிரிட்டனில் படித்த நண்பர்கள் சிலருக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கிராஃபிக்ஸை மட்டும் வைத்து அளப்பதும் சரியில்லை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராக வந்த காலத்தில் இன்றைய வசதிகள் ஏது? ஜீனோ என்ற இயந்திர நாய்க்கு உயிர் கொடுப்பது அதன் பேச்சு. அந்தப் பேச்சு திரையில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் நியாயம். அதற்காகப் பெருவிரைவு ரயிலில் நின்றுகொண்டு கைத்தொலைபேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பதா? நெட்ஃபிளிக்ஸ் தொடரின் 5ஆம் பகுதியில் வரும் பனாமா கால்வாய்க் காட்சியை வீட்டுக் கூடத்தில், பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

கூடவே உட்கார்ந்திருப்பவர் நாவலைப் படிக்காதவர் என்றால் வாயைத் திறக்காமல் இருங்கள். ‘இப்போ பாரு, இப்போ பாரு’ என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். முதன்முறை திகைக்கும் வாய்ப்பு உங்களுக்குப் புத்தகத்தில் கிடைத்தது, அவருக்குத் திரையில் கிடைக்கட்டும். தொடர் முடிந்ததும் ‘அதான் பார்த்தாச்சே, புத்தகம் எதற்கு’ என்பார். விடாதீர்கள். அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போய் நாவலை அவர் கையில் கொடுங்கள்.