மிளகாய்த்தூளின் அடக்கவிலை: டர்பன் சிறு ஆலைகளுக்கான கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குறிப்பாக சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் மசாலா அரைத்து விற்கும் சிறு ஆலைகளில் கிலோவுக்கு அடக்கம் என்ன என்று கேட்டால், கொள்முதல் விலையைத்தான் சொல்வார்கள். அடக்கம் அதைவிட அதிகம். ஒரு நோட்டும் கால்குலேட்டரும் இருந்தால் போட்டுவிடலாம். கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்கு.

படி 1: ஒரு லாட்டை மட்டும் பின்தொடருங்கள்

1,000 கிலோ வற்றல் வாங்கினீர்கள். காம்பு, தூசி, காயவைப்பதில் போகும் ஈரம், இயந்திரத்தில் ஒட்டுவது எல்லாம் கழிந்து பாக்கெட்டில் போனது 920 கிலோ. அரைத்துச் சூடு ஆறியதும் எடை போட்டுவிடுங்கள். கடலோரக் காற்றில் ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தால் தூள் ஈரம் குடிக்கும். சேதாரம் குறைந்ததுபோல எடை பொய் சொல்லும், பிறகு கட்டியும் தட்டும்.

படி 2: வெளியே போன எடையால் வகுங்கள்

வற்றல் 60,000 ரேண்ட். துறைமுகச் செலவு, லாரி வாடகை 4,600. கூலி 2,240 (4 பேர், தலைக்கு 16 மணி நேரம், மணிக்கு 35). பாக்கெட், மின்சாரம், கட்டட வாடகையில் இந்த லாட்டின் பங்கு 6,760. ஆக 73,600. இதை 920ஆல் வகுத்தால் கிலோ 80 ரேண்ட். பலரும் 1,000ஆல் வகுத்து 73.60 என்று எழுதிக்கொள்கிறார்கள். அந்த 6.40தான் லாபத்தைத் தின்கிறது.

இறக்குமதியில் கட்டும் 15% வாட்டை (மதிப்புக் கூட்டு வரியை) இதில் சேர்க்கலாமா? வாட் பதிவு இருந்தால் திரும்பக் கிடைக்கும், சேர்க்க வேண்டாம். பதிவு இல்லையென்றால் முழுக்கச் செலவுதான். சரக்கு மதிப்போடு 10% கூட்டி, சுங்கவரியும் சேர்த்த பிறகே அந்த 15% போடப்படும். வெறும் பில் தொகைக்குக் கணக்கிட்டால் பணம் பற்றாது.

படி 3: ஆள்மணிக்கு எவ்வளவு?

4 பேர், தலைக்கு 16 மணி என்றால் மொத்தம் 64 ஆள்மணி. 920ஐ 64ஆல் வகுத்தால் 14.4 கிலோ. மின்வெட்டில் சும்மா நின்ற நேரத்தைத் தனி வரியில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பழி ஆட்கள் மேல் விழும். புரட்டாசியில் வீடுகளில் கறி சமைப்பது குறையும், கறி மசாலாவும் மெதுவாகப் போகும். அந்த மாதத்தைப் போன வருடப் புரட்டாசியோடுதான் ஒப்பிட வேண்டும்.

படி 4: சரக்கு வரும் நாட்கள்

கப்பல் வந்ததிலிருந்து கிடங்கு சேர 6, 7, 7, 8, 8, 9, 9, 10, 26 நாள் ஆனதாக வையுங்கள். சராசரி 10. வரிசையில் நடுவில் நிற்பது 8. வழக்கமான திட்டத்துக்கு 8ஐ எடுங்கள், கையிருப்புக்கு 26ஐப் பாருங்கள். அதாவது அடுத்த சரக்கு வரவேண்டிய தேதியில் இன்னும் 18 நாளுக்கான வற்றல் இருக்க வேண்டும். வாரம் 500 கிலோ அரைத்தால் அது ஏறக்குறைய 1,300 கிலோ.

படி 5: மிச்சம் எவ்வளவு?

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு தடவைக்கு 2,400 கிலோவாகத் தருவித்து, சராசரி இருப்பை 4,000 கிலோவிலிருந்து 2,500க்குக் (அந்த 1,300 கிலோ, 2,400இல் பாதி 1,200) குறைத்தால், குறைந்த 1,500 கிலோவுக்குக் கிலோ 60 வீதம் 90,000 ரேண்ட் கைக்கு வரும். அது முடங்கிக் கிடந்த உங்கள் பணம், ஒரு தடவை வெளியே வருகிறது, அவ்வளவே. ஆண்டுதோறும் மிச்சமாவது அதற்கான வட்டி: 12% என்றால் 10,800. அதிலும் சிறு சிறு லாட்டாக வரவழைப்பதால் கப்பல் கூலி கிலோவுக்கு 30 சென்ட் ஏறினால், ஆண்டின் 26,000 கிலோவுக்கு 7,800 போய், நிற்பது 3,000 ரேண்ட்.