ஐகன் மதிப்பு புரிந்தது பியூட்டாடையீனால்தான்

பி.எஸ்சி. படிக்கும்போது கணக்கு வகுப்பில் ஐகன் மதிப்பு (ஒரு அணி சில திசையன்களைத் திசை மாற்றாமல் எத்தனை மடங்காக்குகிறதோ அந்த எண்), வேதியியல் வகுப்பில் எலக்ட்ரானின் ஆற்றலைத் தரும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு, இரண்டையும் யாரும் சேர்த்துச் சொன்னதே இல்லை, எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. ஹக்கல் முறையை, அதாவது இரட்டைப் பிணைப்பில் இருக்கும் பை எலக்ட்ரான்களின் ஆற்றலை ஒரு அணியாக எழுதிக் கணக்கிடும் எளிய முறையை, கையால் போட்டுப் பார்த்ததும்தான் வழி கிடைத்தது. பியூட்டாடையீனில் நான்கு கார்பன், அதனால் 4×4 அணி. மூலைவிட்டத்தில் ஆல்ஃபா (ஒரு கார்பனில் மட்டும் இருக்கும் எலக்ட்ரானின் ஆற்றல்), பக்கத்துக் கார்பன்களுக்கு பீட்டா (அவற்றுக்கு இடையிலான பிணைப்பின் ஆற்றல்), மற்றதெல்லாம் பூஜ்ஜியம். ஆல்ஃபாவைக் கழித்து பீட்டாவால் வகுத்தால் வெறும் 0, 1 தான் மிச்சம். ஐகன் மதிப்புகள் ±1.618, ±0.618. ஆல்ஃபாவிலிருந்து பீட்டா அலகில் அளந்தால், எலக்ட்ரானின் ஆற்றல் மட்டங்களே அவைதான்! பீட்டா எதிர்க்குறி கொண்டது என்பதால் +1.618 தான் அடிமட்டம். நான்கு பை எலக்ட்ரான்களையும் கீழிரண்டு மட்டங்களில் நிரப்பினால், இரண்டு தனி எத்திலீனைவிட 0.472 பீட்டா அளவு கூடுதல் நிலைப்பு. அப்புறம் பென்சீனைப் போடுங்கள், வளையத்தில் முதல் கார்பனும் கடைசிக் கார்பனும் பக்கத்துக் கார்பன்கள் என்பதால், அணியில் மூலைவிட்டத்தில் இல்லாத இரு மூலைகளிலும் 1 வரும்.