கொட்டகையில் கிடக்கும் மோரிஸ் மைனருக்குச் சாமான் தேடுவது எப்படி

பழைய இங்கிலாந்துக் காரான மோரிஸ் மைனருக்கு மலேசியாவில் சாமானே கிடைக்காது என்று சொல்பவர்களில் பாதிப் பேர், ஸ்பேர் பார்ட்ஸ் கடை முதலாளியிடம் போய் "தவுக்கே, மோரிஸ் மைனர் வீல் பேரிங் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள்தான். கவுண்டரில் நிற்கும் பையன் மைவி, சாகா மாதிரி உள்ளூர்க் கார்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்துப் பழகியவன், கணினியைக்கூடப் பார்க்காமல் இல்லை என்று தலையாட்டுவான். அதே பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வளையத்தில் பொறித்திருக்கிற எண்ணை எழுதிக்கொண்டு ஈப்போவில் பேரிங் மட்டுமே விற்கிற கடைக்குப் போங்கள். இது எந்தக் காருக்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். எண்ணைப் பார்ப்பார்கள், எடுத்துத் தருவார்கள், இல்லையென்றால் வரவழைத்துத் தருவார்கள். காரின் பெயரைச் சொல்லாதீர்கள், சாமானின் பெயரையும் அளவையும் சொல்லுங்கள்.

சரி, முதலில் வண்டி. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் துரைமாரும் பெரிய கிராணிமாரும் ஓட்டிய வண்டிகளில் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். அது எங்கே நின்றது என்று கேளுங்கள். சிமெண்டுத் தரையில் நின்ற வண்டி ஒரு மாதிரி, பால்மரத்தடியில் மண்தரையில் நின்றது வேறு மாதிரி, உரக்கொட்டகையில் நின்றது என்றால் இரண்டு தடவை யோசியுங்கள், அமோனியம் சல்பேட் இரும்பைத் தின்கிற வேகம் மழையைவிட மோசம். மைனருக்குத் தனியாக சேஸி கிடையாது, தரையும் கதவுகளுக்குக் கீழே ஓடும் இரு பக்க சில் தகடும்தான் வண்டியைத் தாங்குகின்றன, அதனால் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரோடு கீழே படுத்து, எஞ்சினைத் தாங்கும் இரண்டு கால்கள், குறுக்குச் சட்டம், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், ஜேக் போடும் இடம் எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால் அது வெல்டிங் வேலை, எஞ்சினைவிட அதிகச் செலவு வைப்பது அதுதான். பின்பக்கம் மரச்சட்டம் வைத்த டிராவலர் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அந்த மரம் அழகுக்கு மட்டும் வைத்ததில்லை, பாடியையே பிடித்து நிறுத்துவது அது. நம் ஊர்க் கரையானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நல்ல தச்சர் கைவசம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கெரான் (வண்டியின் பதிவுப் பத்திரம்) இல்லாத வண்டியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், கெரான் கைக்கு வரும்வரை தொடாதீர்கள். அதில் உள்ள சேஸி எண்ணும் பொன்னெட்டுக்குள் (எஞ்சின் மேல்மூடி) தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், ரோட் டேக்ஸ் பல ஆண்டாக விட்டுப்போன வண்டிக்கு என்ன நடைமுறை என்று பணம் கொடுப்பதற்கு முன்பே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் உங்கள் வண்டி எது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் சாமான் வேட்டை முழுக்க அதைப் பொறுத்ததுதான். 1948ல் வந்த முதல் மைனருக்கு 918 சிசி சைட்வால்வ் எஞ்சின், அதுதான் உண்மையிலேயே சாமானுக்குத் திண்டாட வைப்பது. 1952லிருந்து 803 சிசி ஏ-சீரிஸ் வகை எஞ்சின், 1956ல் முன்கண்ணாடி ஒரே துண்டாக மாறி 948 சிசி, 1962ல் 1098 சிசி. இத்தனை வருடத்தில் யாராவது எஞ்சினை மாற்றியிருக்கலாம், ஆகவே ஆண்டை நம்பாமல் எஞ்சின் பிளாக்கில் ரிவெட் அடித்த சின்னத் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்ஏ என்றால் 1098. ஏ-சீரிஸ் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பழைய மினி, ஆஸ்டின் ஏ35, ஸ்பிரைட் எல்லாம் அதே குடும்பம்தான், வால்வ், ராக்கர், டிஸ்ட்ரிபியூட்டர் சாமான் என்று நிறைய ஒத்துப்போகும். மைனர் வைத்திருப்பவரைவிட மினி வைத்திருப்பவரைத்தான் இங்கே சுலபமாகப் பார்க்கலாம், அவரைத் தேடிப் பிடியுங்கள்.

கழற்றுவதற்கு முன் ஸ்பேனர். இது இஞ்ச் வண்டி. அரை இஞ்ச் நட்டு 12.7 மில்லி, அதில் 13ஐப் போட்டுத் திருகினால் துருப்பிடித்த நட்டின் மூலை வழுக்கி உருண்டையாகிவிடும், பிறகு உளிதான். அரை, ஏழு பதினாறு, ஒன்பது பதினாறு இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். கழற்றிய ஒவ்வொன்றையும் படம் எடுத்து, பையில் போட்டு, பெயர் எழுதுங்கள். உடைந்ததையும் உக்கிப்போனதையும் தயவுசெய்து வீசாதீர்கள், வெடித்துப்போன ரப்பர் புஷ்ஷாக இருந்தாலும் லேத் கடைக்காரருக்கு அளவு சொல்லப்போவது அதுதான்.

நின்றுபோன எஞ்சினை ஸ்டார்ட்டர் போட்டு எழுப்பப் பார்க்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கியர் ஆயிலும் டீசலும் கலந்து கொஞ்சம் ஊற்றி, பல நாள் ஊற விட்டு, முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் பாதி ஜெயித்த மாதிரி. பேட்டரி மாட்டும்போது கவனம், இந்த வண்டியில் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும், பேட்டரி கடைப் பையன் கைப்பழக்கத்தில் நெகட்டிவைப் பாடியில் மாட்டிவிடுவான், பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய பெட்ரோலை வடித்து, டேங்க்கைக் கழற்றிக் கழுவிய பிறகு சாவியைத் திருப்பினால் எஸ்யூ பம்ப் டிக் டிக் என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் மெதுவாகி நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று புகுகிறது அல்லது பெட்ரோல் வழிகிறது. சத்தமே இல்லையென்றால் பம்ப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மூடியைத் திறந்து பாயிண்ட்டை மெல்லிய எமரித் தாளால் ஒரு தடவை தேய்த்தாலே உயிர் வந்துவிடுவது உண்டு. ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் அப்போதே ஈயமில்லாத பெட்ரோலுக்குத் தாங்கும் கெட்டியான வால்வ் சீட் போடச் சொல்லிவிடுங்கள், அதற்காகவே இன்னொரு தடவை கழற்றுவது வீண் செலவு.

இனி வேட்டை. சாமானைக் கையில் எடுத்ததும் அதில் யார் பெயர் பொறித்திருக்கிறது என்று பாருங்கள். லூகாஸ், எஸ்யூ, லாக்ஹீட், ஸ்மித்ஸ், ஆர்ம்ஸ்ட்ராங் என்று இருக்கும், மோரிஸ் என்று இருப்பது குறைவு. அந்தப் பெயரும் எண்ணும் சேர்ந்ததுதான் உங்கள் தேடுசொல். ஆயில் சீல் என்றால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றையும் அளந்து சொல்லுங்கள். பம்ப்பு, கார்புரேட்டருக்கு கேஸ்கட் தாள் வாங்கிப் பழையதை மேலே வைத்து நீங்களே வெட்டலாம் (ஹெட் கேஸ்கட்டுக்கு மட்டும் இந்த வேலை வேண்டாம்). புஷ், பின், ஸ்பேசர் எல்லாம் லேத்தில் கடைந்துவிடலாம், செம்பனை ஆலைகளுக்கு வேலை செய்யும் பட்டறைக்காரர்கள் இதைவிடச் சிக்கலானதைத் தினமும் கடைகிறார்கள். காப்பார் பக்கத்து ஹாஃப்கட் யார்டுகளில் (பாதியாக அறுத்த பழைய வண்டிகள் விற்கும் இடம்) பெரும்பாலும் ஜப்பான் வண்டிதான், மைனர் கிடைக்கும் என்று பெட்ரோல் செலவழித்துப் போகாதீர்கள், அளவை வைத்துக்கொண்டு வேறு ஏதாவது பொருந்துமா என்று பார்க்க வேண்டுமானால் போகலாம்.

மற்றபடி மனிதர்கள்தான். தோட்டத்து ஒர்க்ஷாப்பில் வேலை செய்து ஓய்வு பெற்ற பொமேன்கள் (மெக்கானிக்குகள்) இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பின்கட்டில் பிஸ்கட் டின்னில் என்ன இருக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. போன உடனே விலை கேட்டால் ஒன்றும் வராது. வண்டியின் படத்தைக் காட்டி, "அண்ணே, இதுல டிரன்னியன் எப்படிக் கழட்டறது?" என்று வேலையைக் கேளுங்கள் (டிரன்னியன் என்பது முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்ப விடும் மரை மூட்டு). பேச்சு சூடு பிடித்ததும் அவரே எழுந்து உள்ளே போவார்.

இங்கே கிடைக்காததை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், மைனருக்கென்றே அங்கே கடைகள் உண்டு. ஒவ்வொன்றாக வாங்காமல் பட்டியல் சேர்த்து ஒரே பெட்டியில் எடுங்கள், தபால் செலவு அப்போதுதான் தாங்கும். 2024 ஜனவரி முதல் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட இணையப் பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மட்கார்டு, கதவு மாதிரிப் பெரிய தகட்டை வரவழைப்பதைவிட நல்ல கெத்தோக் கடையில் (தகடு தட்டும் பட்டறை) ஒட்டுப்போடுவதே மலிவு.

இரண்டு இடத்தில் மட்டும் சமாளிப்பு வேலை வேண்டவே வேண்டாம். ஒன்று பிரேக். மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில் தரைக்குக் கீழே ஒளிந்திருப்பதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை, அதைக் கழற்றி, நான்கு சக்கர சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது போட்டு, டாட் 4 எண்ணெய் ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் ஊதிப்போகும். இன்னொன்று முன் சக்கரத்தின் கீழ் டிரன்னியன். மரை தேய்ந்து அது கழன்றால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும், ஓடும்போதும் மடங்கும். இடது வலது மரை எதிரெதிர் என்பதால் ஆர்டர் போடும்போது பக்கத்தைச் சொல்ல மறக்காதீர்கள். புதிது போட்டாலும் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தாக வேண்டும். வண்டி பாரமாக நிற்கும்போது கிரீஸ் சரியாக உள்ளே போகாது, ஜேக் போட்டுச் சக்கரத்தைத் தூக்கிவிட்டு, பழைய கறுப்பு கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள்.