பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் டேங் சைட்: இனம் காண, பொருத்த, நேராக்க

ரைஃபிளின் இயந்திரப் பெட்டியிலிருந்து பின்னோக்கி நீண்டு, கட்டையின் (தோளில் அணைக்கும் மரப்பகுதி) கழுத்தில் பதிந்து கிடக்கும் இரும்பு நாக்குக்கு டேங் என்று பெயர். அதன்மேல் நின்று, வேண்டாதபோது மடங்கிக்கொள்ளும் பின் சைட்தான் (குறி பார்க்கும் கருவி) டேங் சைட். ஒல்லியான ஒரு கம்பம், அதில் ஏறி இறங்கும் ஊசித்துளைத் தட்டு, ஓரத்தில் வெர்னியர் கோடுகள் (நுண்ணிய அளவைப் படிக்கும் துணைக் கோடுகள்): அமைப்பு இவ்வளவுதான். இதை ஓர் அளவுக் கருவியாக நினைத்துக் கையாண்டால் பெரும்பாலான தவறுகள் நடக்காது.

கம்பம் ஏன் அவ்வளவு உயரம்? கறுப்பு வெடிமருந்துத் தோட்டாவின் வேகம் குறைவு. 1000 கஜம் போய்ச் சேர குழல் 2 டிகிரிக்கு மேல் நிமிர்ந்திருக்க வேண்டும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 36 அங்குலம் இருந்தால், அந்த 2 டிகிரிக்கே தட்டு ஒன்றேகால் அங்குலம் ஏற வேண்டியிருக்கும். 1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கின் கிரீட்மூர் மைதானத்தில் 800, 900, 1000 கஜ தூரங்களில் நடந்த போட்டியில் ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரைஃபிள்களோடு இறங்கிய அமெரிக்க அணி, ரிக்பி ரைஃபிள்களோடு வந்த அயர்லாந்து அணியை 934க்கு 931 என்று வென்றது. உயரமான வெர்னியர் சைட்டுகளுக்கு அமெரிக்காவில் பெரிய மவுசு பிறந்தது அந்தக் காலத்தில்தான்.

கையில் இருப்பது எது?

வில்லியம் லைமன் 1879இல் காப்புரிமை பெற்ற சைட் உருண்டைத் தண்டு கொண்டது. கீழேயுள்ள வளையத்தைத் திருகினால் தண்டு ஏறும், இறங்கும். அதன் ஓட்டை பெரிது, விளிம்பு மெல்லியது. நடுவைக் கண் தானாகவே கண்டுகொள்ளும் என்பதுதான் அந்த வடிவத்தின் அடிப்படை. லைமன் அடித்தகட்டின் அடிப்பக்கத்தில் ஓர் எழுத்தோ இரண்டு எழுத்துகளோ குத்தியிருக்கும். அது எந்த ரைஃபிளுக்கான அடித்தகடு என்பதற்கான குறியீடு. வாங்குமுன் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். சைட் அசலாகவே இருக்கும், ஆனால் வேறொரு ரைஃபிளுக்குச் செய்ததாக இருக்கும். சந்தையில் அடிக்கடி மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

மிச்சிகனின் கிளாட்ஸ்டன் ஊரில் மார்பிள் நிறுவனம் செய்ததில் அடியில் சுருள் வில் ஒன்று உண்டு. கிளையில் இடித்தால் வளைந்துகொடுத்து மறுபடி நிமிரும். வில் தளர்ந்திருந்தால் அந்த சைட்டை நம்ப முடியாது. கம்பத்தை விரலால் பின்னே சாய்த்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் டக்கென்று அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும்.

சூல் (Soule) என்ற பெயருள்ள வகையில் பக்கவாட்டுத் திருத்தமும் பின் சைட்டின் அடியிலேயே ஒரு திருகால் நடக்கும். காற்றுக்கு ஏற்ப முன் சைட்டைத் தொட வேண்டியதில்லை. நுட்பமானது, ஆனால் தேய்மானம் சேரும் இடமும் கூடுதல்.

இவற்றில் மிக விசித்திரமானது கட்டையின் குதிகாலில் (பின்முனையின் மேல்மூலை) நிற்கும் சைட். மல்லாந்து படுத்து, கால்களை இலக்கின் பக்கம் நீட்டி, குழலைக் காலின்மேல் சாய்த்துச் சுடுவோருக்கானது அது. அப்போது கண் கட்டையின் பின்முனைக்குமேல் வருவதால் சைட்டும் அங்கே போய்விட்டது. சில நெடுந்தூர ரைஃபிள்களில் டேங்கில் ஓர் அடித்தகடு, குதிகாலில் ஓர் அடித்தகடு என இரண்டும் இருக்கும். குதிகாலின் மேற்பக்கத்தில் இரண்டு திருகுத் துளைகளைக் கண்டால் பிற்காலத்தில் யாரோ போட்ட ஓட்டை என்று மரப்பசை வைத்து அடைத்துவிடாதீர்கள். அந்த ரைஃபிளின் வரலாறே அதில்தான் இருக்கலாம்.

அளப்பது

ரைஃபிளைத் திறந்து தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டேங்கின் இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள தூரம்தான் முதல் அளவு. துளை மையத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. வெர்னியர் காலிப்பரால் துளைகளின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு ஒரு தடவை, உள் விளிம்புக்கு உள் விளிம்பு ஒரு தடவை அளந்து, கூட்டி இரண்டால் வகுங்கள். மைய தூரம் கிடைத்துவிடும். சைட்டின் அடித்தகட்டையும் அப்படியே அளங்கள். டேங்கின் மேற்புறம் தட்டையா, வளைவா, கட்டையின் சரிவோடு இறங்குகிறதா என்றும் பாருங்கள். வளைந்த அடித்தகட்டைத் தட்டை டேங்கில் வைத்து இறுக்கினால் தகடு நெளியும், கீல் பிடித்துக்கொள்ளும்.

துளை ஒத்துவராவிட்டால் டேங்கில் புதுத் துளை போடாதீர்கள். சரியான அடித்தகட்டைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் கம்பத்துக்குப் பொருந்தும் புது அடித்தகடு செய்துகொள்ளுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இரும்பில் போட்ட துளையை யாராலும் திரும்ப மூட முடியாது. அதோடு ரைஃபிளின் மதிப்பும் போய்விடும்.

திருகுகள்

பழைய தொழிற்சாலைகள் தங்களுக்கென்று மரை வைத்துக்கொண்ட காலம் அது. இன்றைய கடைத் திருகு இரண்டு சுற்று போய் இறுகினால் நிறுத்துங்கள். அடுத்த சுற்றில் டேங்கின் மரை அழியும். மரை அளவியால் அங்குலத்துக்கு எத்தனை மரை என்று பார்த்து, லேத்தில் அதற்கேற்ற திருகு கடைந்துகொள்வதே வழி. துளையை டேப் (மரை வெட்டும் கருவி) போட்டுப் பெரிதாக்க வேண்டாம். மில்லிமீட்டர் மரைத் திருகு தடையில்லாமல் ஏறினால் வேறொரு சந்தேகம் வர வேண்டும். அந்த ரைஃபிளோ சைட்டோ ஐரோப்பாவில் செய்த பிற்கால நகலாக இருக்கக்கூடும்.

துளையை அடைத்திருக்கும் குட்டைத் திருகு இறுகிக் கிடந்தால் ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் விடுங்கள். சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்புபோலச் சரிந்திருப்பதால் வெட்டிலிருந்து எகிறி விளிம்பைக் கிழிக்கும். பக்கங்கள் நேராகத் தேய்த்த முனை, வெட்டின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் சரியாக நிறைந்து உட்கார வேண்டும். அப்படியும் வராவிட்டால் சால்டரிங் இரும்பின் நுனியைத் திருகின் தலையில் ஒரு நிமிடம் வையுங்கள். தீச்சுடர் வேண்டாம், பக்கத்திலேயே மரம் இருக்கிறது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது திருகின் நீளம். பல ரைஃபிள்களில் ஒரு துளையின் திருகு கட்டையின் கழுத்தை ஊடுருவிக் கீழ்த்தகடுவரை போய்ப் பிடிப்பது. அடித்தகட்டின் கனம் மேலே சேர்வதால் அந்தத் திருகு அதே அளவு நீளமாக வேண்டும். பழைய குட்டைத் திருகையே போட்டால் ஓரிரு மரையில் மட்டும் தொங்கும். இன்னொரு துளையில் ஆபத்து இதற்கு நேர்மாறானது: திருகு நீண்டுவிட்டால் உள்ளே இருக்கும் சுருளையோ பட்டை வில்லையோ ஹேமரையோ (தோட்டாவை வெடிக்கத் தட்டும் சுத்தி) முட்டும். திருகை இறுக்கியபின் ஹேமரை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கிப் பாருங்கள். திருகு இல்லாதபோது இருந்த உணர்விலிருந்து துளி மாறினாலும் வெளியே எடுத்து நுனியை ராவுங்கள். உச்சியில் ஹேமர் உள்ள ரைஃபிளில், முழுதாக ஏற்றிய ஹேமரின் வால் நின்ற கம்பத்திலும் மடங்கிய கம்பத்திலும் தட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஷார்ப்ஸில் ஹேமர் பக்கவாட்டில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

கம்பத்தை நேராக்குவது

பலரும் தவிர்த்துவிடும் வேலை இது. நெடுந்தூரத்தில் குறி தப்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கம்பம் 1 டிகிரி சாய்ந்திருந்தால், தட்டு ஒன்றேகால் அங்குலம் ஏறும்போது பக்கவாட்டில் 0.022 அங்குலம் நகர்ந்துவிடும். 1000 கஜத்தில் அது 22 அங்குல விலகல். 100 கஜத்தில் ஒன்றும் தெரியாததால் சுடுபவர் காற்றின்மேல் பழி போடுவார்.

ரைஃபிளைத் துணி சுற்றிய வைஸில் பிடித்து, முன் சைட்டின் குறுக்கே ரசமட்டம் வைத்துக் குமிழியை நடுவாக்குங்கள். மூன்று மீட்டர் தள்ளித் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிடுங்கள். ஊசித்துளைத் தட்டைக் கம்பத்தின் அடிவரை இறக்கி, துளைவழியே முன் சைட் மணியை நூலோடு பொருத்துங்கள். பிறகு ரைஃபிளைத் தொடாமல் தட்டை உச்சிவரை ஏற்றிப் பாருங்கள். மணி நூலின்மேலேயே கீழிறங்கினால் கம்பம் நேர். மணி நூலுக்கு இடப்பக்கம் ஒதுங்கினால் கம்பம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அடித்தகட்டின் வல விளிம்புக்கு அடியில் பித்தளைத் தகடு செருகுங்கள். 0.6 அங்குல அகல அடித்தகட்டில் 0.010 அங்குலத் தகடு ஏறக்குறைய 1 டிகிரியைத் திருத்தும். சாய்வு மிகக் குறைவென்றால் காகிதத் துண்டே போதும்.

கீலில் ஆட்டம் இருந்தால் எந்தத் திசையில் என்று பிரித்துப் பாருங்கள். முன்பின் ஆட்டம் சிறிதளவு இருந்தால் குறி பெரிதாகக் கெடாது. பக்கவாட்டில் தட்டு 0.010 அங்குலம் ஆடினால் 100 கஜத்தில் 1 அங்குலம் போய்விடும். தேய்ந்த கீல் ஊசிக்குப் பதிலாக ஒரு நூலிழை தடித்த ஊசி கடைந்து போடுவது நல்லது. சுத்தியலால் கீலின் இரு பக்கக் காதுகளைத் தட்டி நெருக்கினால் அவை விரிசல் விடும்.

கோடுகளின் மதிப்பு

பல வெர்னியர்களில் பெரிய அளவுகோலில் ஒரு கோடு 0.050 அங்குலம், வெர்னியரில் ஐந்து கூறு, ஆக ஒரு கூறு 0.010. ஆனால் எல்லாரும் அப்படிச் செய்யவில்லை. தட்டைப் பத்துக் கோடுகள் ஏற்றி, ஏறிய தூரத்தைக் காலிப்பரால் அளந்து உங்கள் சைட்டின் மதிப்பை நீங்களே கண்டுகொள்ளுங்கள். கோடுகள் மங்கியிருந்தால் சுண்ணக்கட்டித் தூளை விரலால் தேய்த்துத் துடைத்தால் வெள்ளையாகத் தெரியும்.

எவ்வளவு நகர்த்துவது என்பதற்குக் கணக்கு எளிது: இலக்கில் வேண்டிய மாற்றத்தை இரு சைட்டுகளுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும், எல்லாம் அங்குலத்தில். 34 அங்குல இடைவெளி, 200 கஜத்தில் 6 அங்குலம் கீழே விழுகிறது என்றால் 6 × 34 ÷ 7200, அதாவது 0.028. தட்டை அவ்வளவு உயர்த்துங்கள். குண்டு போக வேண்டிய திசையிலேயே பின் சைட் நகர வேண்டும். குதிகால் சைட்டில் இடைவெளி கூடுவதால் அதே ஒரு கூறு குறைவாகவே நகர்த்தும்: 46 அங்குல இடைவெளியில் 0.010 என்பது 100 கஜத்தில் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல்.

பழைய திருகில் எப்போதும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். ஆகவே கடைசி நகர்வு எப்போதும் மேல்நோக்கியே இருக்கட்டும். கீழே இறக்க வேண்டியிருந்தால் குறிக்குக் கீழே போய்விட்டு மறுபடி ஏறி நில்லுங்கள். கண்தட்டைத் திருகிப் பூட்டும் வகைகளில் பூட்டும்போதே தட்டு நழுவுவதுண்டு, அதனால் பூட்டியபின் அளவை மீண்டும் படியுங்கள்.

வெளிச்சமான மைதானத்தில் 1 மில்லிமீட்டர் துளையில் தொடங்கலாம். முன் சைட் இருண்டு போனால் துளை சிறிது; விளிம்பு மங்கலாகப் பரவினால் பெரிது. பின்னுதை பலமான ரைஃபிளில் கண்ணுக்கும் தட்டுக்கும் நடுவே 2 அங்குலத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

துலக்குவதற்கு மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவிட்டு, மரைகளை மூங்கில் குச்சியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். பளபளப்புப் பசையால் தேய்த்தால் முதலில் அழிவது வெர்னியர் கோடுகள்தான்.