உச்சியில் நின்றது யார்? பிரிட்டிஷ் மலையேறிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் முதல் கட்டுரையை அனுப்பிப் பார்த்துத் தரச் சொன்னான். நல்ல நடை. மூன்றாவது பத்தியில் ஒரு வரி: '1975-இல் எவரெஸ்ட்டின் தென்மேற்குச் சுவர் வழியாக ஏறி, உச்சியைத் தொட்ட முதல் பிரிட்டிஷ்காரர் கிறிஸ் போனிங்டன்.' அதைப் படித்ததும் எனக்குக் கோந்து வாசனை வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பொது அறிவு நூல்களுக்கும் சிறுவர் இதழ்களுக்கும் வாழ்க்கைக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருப்பவன் நான். மலையேறிகள் எனக்குப் பிடித்த பகுதி, அதிகம் அடிவாங்கிய பகுதியும் அதுதான். பெயரைத் தப்பாக எழுதுவது, ஆண்டு மாறிப்போவது, அடியையும் மீட்டரையும் குழப்புவது, இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டாம் முறை படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். எத்தனை முறை படித்தாலும் கண்ணில் படாத தவறுகள் சில இருக்கின்றன, அவற்றைத்தான் சொல்ல வந்தேன்.

தலைவரை உச்சியில் ஏற்றிவிடுவது

1975 செப்டம்பர் 24-ஆம் தேதி சாயங்காலம் எவரெஸ்ட் உச்சியில் நின்ற இருவர் டக் ஸ்காட், டூகல் ஹாஸ்டன். உச்சியில் கால் வைத்த முதல் பிரிட்டிஷ்காரர்கள் அவர்கள்தான். இறங்குவதற்குள் இருட்டிவிட்டதால் பிரதான உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கிற தென் உச்சிக்குப் பக்கத்தில், சுமார் 8,750 மீட்டர் உயரத்தில், பனியில் குழி தோண்டி, தூக்கப்பை இல்லாமல், ஆக்சிஜனும் தீர்ந்துபோய் ராத்திரியைக் கழித்தார்கள். போனிங்டன் அந்தப் பயணத்தின் தலைவர். ஆள் சேர்த்தது, பணம் திரட்டியது, எந்த மூட்டை எந்த முகாமுக்கு எப்போது போக வேண்டும் என்று கணக்குப் போட்டது எல்லாம் அவர்தான், ஆனால் அன்று அவர் கீழே முகாமில் இருந்தார். அவர் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டது பத்து வருஷம் கழித்து, 1985-இல், 50 வயதில், ஒரு நார்வே குழுவோடு, வேறு வழியில்.

தம்பி எழுதிய அதே வரியை ஏறக்குறைய அதே சொற்களில் நானும் ஒரு சிறு நூலில் எழுதியிருக்கிறேன். 2,000 பிரதி அச்சாகி, பாதி வெளியே போன பிறகு ஒரு வாசகரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. அதில் ஒரே கேள்வி: 'போனிங்டன் அன்று எங்கே இருந்தார்?' திட்டியிருந்தால்கூடத் தேவலை. மீதிப் பிரதிகளுக்குத் திருத்தச் சீட்டு அடித்து, இரண்டு சாயங்காலம் மூன்று பேர் தரையில் உட்கார்ந்து, கத்தரித்துக் கத்தரித்து 47-ஆம் பக்கத்தில் ஒட்டினோம். அவசரத்தில் கோந்து அதிகமாகி 46-ஆம் பக்கமும் சேர்ந்து ஒட்டிக்கொண்ட பிரதிகள் தனிக் கணக்கு. செலவு என் பணம். அது நியாயம்தான், ஆனால் இன்றைக்கும் யாராவது அந்த வரியை எழுதினால் எரிச்சல் வருகிறது.

இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். நாம் படிக்கிற இடத்தில் 'போனிங்டனின் எவரெஸ்ட் பயணம்' என்று இருக்கும். அதைச் சுருக்கும்போது 'போனிங்டன் எவரெஸ்ட் ஏறினார்' என்று கை தானாக எழுதிவிடும். ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டினான் என்கிறோம், அவன் கல் சுமந்தான் என்று யாரும் நினைப்பதில்லை. மலை விஷயத்தில் மட்டும் தலைவனே கல்லையும் சுமந்துவிட்டான் என்று நம்பிவிடுகிறோம்.

1953-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது பிரிட்டிஷ் பயணம். தலைவர் ஜான் ஹன்ட், சிம்லாவில் பிறந்த ராணுவ அதிகாரி. மே 29 அன்று உச்சியில் நின்ற எட்மண்ட் ஹில்லாரி நியூசிலாந்துக்காரர், தேனீக்கள் வளர்த்தவர். உடன் நின்றவர் டென்சிங் நோர்கே. பயணம் பிரிட்டனுடையது என்பதால் ஹில்லாரியை பிரிட்டிஷ்காரர் ஆக்கிவிடுகிற கட்டுரைகள் எனக்கு வருஷத்துக்கு இரண்டாவது வருகின்றன. அப்படி ஆக்கினால் 22 வருஷம் கழித்து ஸ்காட்டும் ஹாஸ்டனும் எதில் முதல் ஆட்கள் என்ற கேள்வி வரும்.

சரி, உச்சி தொட்டவர் பெயரை மட்டும் சரியாகப் போட்டுவிட்டால் போதுமா? அதுவும் போதாது. ஹில்லாரிக்கு மூன்று நாள் முன்னால், மே 26 அன்று, டாம் போர்டிலனும் சார்லஸ் எவன்ஸும் தென் உச்சி வரை போய்விட்டார்கள். இன்னும் 100 மீட்டர் உயரம்தான் பாக்கி. போர்டிலனும் அவர் அப்பாவும் சேர்ந்து உருவாக்கிய ஆக்சிஜன் கருவி வழியில் மக்கர் செய்திருந்தது, நேரமும் ஆகிவிட்டது, திரும்பினார்கள். அதே நாளில் ஹன்ட் டா நம்கியால் என்ற ஷெர்பாவோடு 8,300 மீட்டருக்கும் மேலே கூடாரம், உணவு, ஆக்சிஜன் உருளைகளைத் தானே சுமந்துபோய் வைத்துவிட்டு வந்தார். அந்தச் சாமான்கள்தான் இரண்டு நாள் கழித்து ஹில்லாரி, டென்சிங்கின் கடைசி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆக, கல் சுமக்காத தலைவர் என்று ஹன்ட்டைச் சொல்லவும் முடியாது!

1975-இலும் இப்படித்தான். அந்தச் சுவரின் மேல்பகுதியில் குறுக்கே ஒரு பெரிய பாறைப் பட்டை இருக்கிறது, அதற்கு முன் வந்த குழுக்களை அதுதான் மடக்கியது. செப்டம்பர் 20 அன்று அதில் வழி கண்டுபிடித்தவர்கள் நிக் எஸ்ட்கோர்ட்டும் டட் பிரெய்த்வைட்டும். உச்சிப் புகைப்படம் எதிலும் அவர்கள் இல்லை. 26-ஆம் தேதி பீட்டர் போர்ட்மேனும் ஷெர்பா பெர்டெம்பாவும் உச்சியைத் தொட்டு இறங்கும்போது, தனியாக மேலே வந்துகொண்டிருந்த மிக் பர்க்கைப் பார்த்தார்கள். அவர் உச்சிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனார், திரும்பவில்லை. அவரைப் பற்றி எழுதும்போது 'உச்சியை எட்டினார்' என்றோ 'எட்டவில்லை' என்றோ முடிவு கட்ட உங்களுக்கு உரிமை கிடையாது.

இதற்கு நான் செய்வது ரொம்பச் சாதாரணமான வேலை. கட்டுரை ஆரம்பிக்கும் முன் ஒரு தாளில் நாலு கட்டம் போடுவேன்: தலைவர், வழி திறந்தவர், உச்சி தொட்டவர், திரும்பாதவர். அன்னபூர்ணா தெற்குச் சுவர், 1970: தலைவர் போனிங்டன். உச்சி தொட்டவர்கள் டான் வில்லன்ஸ், ஹாஸ்டன். திரும்பாதவர் இயன் க்ளஃப், எல்லாம் முடிந்து இறங்கிவரும்போது பனிக்கட்டி சரிந்து போனார். ஒரு கட்டம் காலியாக இருந்தால் இன்னும் படிக்க வேண்டியது பாக்கி என்று அர்த்தம்.

எல்லோரையும் ஆங்கிலேயர் ஆக்குவது

தமிழில் நமக்கு வெள்ளைக்காரர், ஆங்கிலேயர், பிரிட்டிஷ்காரர் மூன்றும் ஒன்றுதான். மலையேறிகள் விஷயத்தில் இது உதவாது. ஹாஸ்டன் எடின்பரோ பக்கத்து ஸ்காட்லாந்துக்காரர். சார்லஸ் எவன்ஸ் வேல்ஸில் வளர்ந்து வெல்ஷ் பேசியவர். 'இங்கிலாந்து வீரர் ஹாஸ்டன்' என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். இதைத் திருப்பிப் போட்ட தப்பும் உண்டு. எரிக் ஷிப்டன் 1907-இல் இலங்கையில் பிறந்தவர், அப்பா தேயிலைத் தோட்டக்காரர். அதை வைத்து 'இலங்கை மலையேறி' என்று ஒருவர் தலைப்பே போட்டுவிட்டார். நம் பக்கத்துத் தொடர்பு கிடைத்தால் கை பரபரக்கத்தான் செய்யும்.

உண்மையான தொடர்பை விட்டுவிடுவது

இல்லாத தொடர்பை ஒட்டவைக்கிறவர்கள் இருக்கிற தொடர்பைப் பார்ப்பதில்லை. ஹோவர்ட் சோமர்வெல் 1922, 1924 எவரெஸ்ட் பயணங்கள் இரண்டிலும் இருந்த அறுவை மருத்துவர். 1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரியின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை வேண்டாம் என்று சொல்லி அங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். பிற்பாடு வேலூரிலும் வேலை செய்தார். காரக்கோணத்தில் அவர் பெயரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அந்த நெய்யூர் டாக்டர்தான் 1924 ஜூன் 4 அன்று எட்வர்ட் நார்ட்டனோடு ஆக்சிஜன் இல்லாமல் ஏறினார். தொண்டை கெட்டு மூச்சு விட முடியாமல் அவர் உட்கார்ந்துவிட, நார்ட்டன் மட்டும் 8,572 மீட்டர் வரை போனார். இறங்கும்போது உறைந்துபோன தொண்டைச் சதை அடைத்துச் சோமர்வெல் சாகக் கிடந்தார், தன் மார்பைத் தானே இரண்டு கையாலும் அழுத்தி அதை வெளியே துப்பினார். 1922-இல் ஏழு சுமைதூக்கிகள் பனிச்சரிவில் செத்தபோது, நம்மில் ஒருவனாவது அவர்களோடு போயிருக்கக்கூடாதா என்று குமைந்தவரும் இவர்தான். அதே 1924-இல் எவரெஸ்ட்டில் காணாமல்போன ஜார்ஜ் மல்லோரி கடைசியாகக் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் கேமரா இவர் கொடுத்தது. இவ்வளவும் இருக்க, தமிழில் எவரெஸ்ட் கட்டுரை எழுதுகிறவர்கள் இவர் பெயரைத் தாண்டிப் போகிறார்கள்.

மல்லோரிக்குத் தீர்ப்பு எழுதுவது

ஜார்ஜ் மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் உச்சியைத் தொட்டார்களா? 1924 ஜூன் 8, பகல் 12.50-க்கு மேகம் விலகிய சில நிமிஷம் அதே குழுவில் இருந்த நோயல் ஓடெல் அவர்களை முகட்டில் பார்த்தார். எந்தப் பாறைப்படியில் பார்த்தார் என்பதில் பின்னாளில் அவரே தடுமாறினார். 1933-இல் ஒரு பனிக்கோடரி கிடைத்தது. 1999 மே 1 அன்று மல்லோரியின் உடல் கிடைத்தது. 2024-இல் கீழே பனியாற்றில் ஒரு பூட்ஸும், 'ஏ. சி. இர்வின்' என்று பெயர் தைத்த காலுறையும் கிடைத்தன. கேமரா கிடைக்கவில்லை. இவ்வளவுதான் கையில் இருப்பது. இதை வரிசையாக எழுதிவிட்டு நிறுத்துங்கள்.

இர்வினை 'மல்லோரியின் உதவியாளர்' என்று எழுதாதீர்கள். 22 வயதுப் பையன், ஆக்சிஜன் கருவிகளைப் பிரித்துப் பழுது பார்த்து ஓடவைத்தவன்.

'மலை அங்கே இருக்கிறதே' என்று ஆரம்பிப்பது

ஏன் எவரெஸ்ட் ஏற வேண்டும் என்று கேட்டதற்கு மல்லோரி சொன்னதாகச் சொல்லப்படும் பதில். வேண்டாம். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

ஜார்ஜ் எவரெஸ்ட்

மலைக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள், ஆனால் இவர் மலையேறி இல்லை. வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி 1802-இல் பரங்கிமலையில் ஆரம்பித்த நில அளவையைப் பின்னாளில் நடத்தியவர். பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

'முதல் பெண்' என்று அவசரப்படுவது

அலிசன் ஹார்கிரீவ்ஸ் 1995 மே 13 அன்று ஆக்சிஜன் இல்லாமல், ஷெர்பா உதவி இல்லாமல், தன் சுமையைத் தானே தூக்கி எவரெஸ்ட் ஏறினார். உடனே 'ஆக்சிஜன் இல்லாமல் ஏறிய முதல் பெண்' என்று போட்டுவிடுகிறார்கள். 1988-இலேயே நியூசிலாந்தின் லிடியா பிரேடி அதைச் செய்துவிட்டார். 'எவரெஸ்ட் ஏறிய முதல் பிரிட்டிஷ் பெண்' என்பதும் சரிவராது, அது 1993-இல் ஏறிய ரெபெக்கா ஸ்டீவன்ஸ். அடைமொழியைப் பிடுங்கிவிட்டாலும் ஹார்கிரீவ்ஸ் செய்த காரியம் குறைந்துவிடாது.

அதே ஆகஸ்டில் கே2 உச்சியிலிருந்து இறங்கும்போது புயலில் இறந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு தாய் மலைக்குப் போகலாமா என்று அப்போது பிரிட்டிஷ் பத்திரிகைகள் கேட்டன, இன்றைக்கு நம்மவர்களும் கட்டுரையின் கடைசிப் பத்தியில் கேட்கிறார்கள். மல்லோரிக்கு மூன்று பிள்ளைகள். அவரைப் பற்றிய கட்டுரையில் இந்தப் பத்தியை யாரும் வைப்பதில்லை.

இரண்டு பீட்டரில் ஒருவரை வெட்டுவது

ஆல்ப்ஸில் இருக்கிற மேட்டர்ஹார்ன், 1865 ஜூலை 14. எட்வர்ட் விம்பரோடு உச்சி தொட்டவர்கள் மொத்தம் ஏழு பேர். இறங்கும்போது ஒருவர் வழுக்க, கயிறு அறுந்து, வழிகாட்டி மிஷேல் க்ரோ, ஹட்சன், ஹேடோ, பிரபு டக்ளஸ் நால்வரும் போனார்கள். பிழைத்தவர்கள் விம்பர், பீட்டர் டவ்க்வால்டர், பீட்டர் டவ்க்வால்டர். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர். மெய்ப்புப் பார்க்கிறவர் பெயர் இரண்டு தடவை விழுந்துவிட்டது என்று ஒன்றை அடித்துவிடுவார், ஏழு பேர் ஆறாகிவிடுவார்கள். 'தந்தை', 'மகன்' என்று சேர்த்தே எழுதுங்கள். அப்புறம், அப்பா கயிற்றை வெட்டினார் என்ற புரளியையும் எழுதாதீர்கள், விசாரணையில் அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அறுந்த கயிறு மலையடிவாரத்துச் செர்மாட் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எவ்வளவு மெல்லியது என்று படத்திலேயே தெரியும்.

'சர்' பட்டம்

ஏறும்போது ஹில்லாரி சர் இல்லை, போனிங்டனும் இல்லை.

கஞ்சன்ஜங்கா

1955 மே 25. தலைவர் சார்லஸ் எவன்ஸ், இரண்டு வருஷம் முன்னால் எவரெஸ்ட்டில் 100 மீட்டர் கீழிருந்து திரும்பிய அதே ஆள். மேலே போனவர்கள் ஜார்ஜ் பேண்டும், மான்செஸ்டரில் கட்டட வேலை பார்த்த ஜோ பிரவுனும். மறுநாள் நார்மன் ஹார்டியும் டோனி ஸ்ட்ரீதரும் போனார்கள். உலகத்தின் மூன்றாவது பெரிய மலையில் முதல் வெற்றி. கட்டம் போட்டு, நாலு பெயரையும் சரியான இடத்தில் எழுதி, 'உச்சியில் நின்றார்கள்' என்று வாக்கியத்தை முடித்து அந்தத் தம்பி எனக்குக் காட்டினான். அங்கேயும் ஒரு கோடு போட்டேன். சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம் குடியிருக்கிற இடம், உச்சியை மிதிக்க மாட்டோம் என்று குழு வாக்குக் கொடுத்திருந்தது. நால்வரும் சில அடி கீழேயே நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.