சம்பளச் சீட்டில் வேலிக்குறி வந்தால்: வெலோசிட்டி மெக்ரோ லைப்ரரியைத் தேடிப் பிடிப்பது

சம்பள நாளுக்கு முதல் நாள் பின்னேரம், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை போன் எடுத்தார். "என்னா புள்ள, சீட்டுல பேரு, அரைப்பேரு ஒன்னையும் காணோம். வேலி மாதிரி ஒரு குறிதான் வருது." (பேர் என்றால் ஒரு நாள் வேலை, அரைப்பேர் அரை நாள்.) படம் அனுப்பச் சொன்னேன். கொழுந்துக் கிலோ இருக்க வேண்டிய இடத்தில் #சம்பளவரி என்று மெக்ரோவின் பெயரே அச்சாகியிருந்தது. முந்தின நாள்தான் சீட்டு அச்சிடும் செயலியை என் விண்டோஸ் லாப்டொப்பிலிருந்து லினக்ஸ் சேர்வருக்கு மாற்றியிருந்தேன். அது வெலோசிட்டியை, அதாவது வார்ப்புருக் கோப்பில் தரவை நிரப்பிப் பக்கம் உருவாக்கும் ஜாவா கருவியைப் பயன்படுத்துகிறது. மெக்ரோ என்பது திரும்பத் திரும்பப் பயன்படுத்தப் பெயர் கொடுத்து வைக்கும் வார்ப்புருத் துண்டு; அவற்றைச் சேர்த்து வைக்கும் கோப்புதான் லைப்ரரி.

(பெயர்களை இங்கே உச்சரிப்பை வைத்து எழுதுகிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

முதலில் குறியைப் பாருங்கள். # அப்படியே வந்தால் அந்த மெக்ரோவை வெலோசிட்டிக்குத் தெரியவில்லை. மெக்ரோ ஓடி, உள்ளே $ மட்டும் அப்படியே வந்தால் லைப்ரரியில் குற்றமில்லை; தரவு வந்து சேரவில்லை, ஜாவா பக்கம் போங்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு மணித்தியாலத்தைத் தொலைத்தேன், அதுவும் கரண்ட் போய்ப் போய் வந்த நேரத்தில்.

என் வழக்கில் நடந்தது இதுதான். வெலோசிட்டி 1.7இல் வெலோசிமெக்ரோ.லைப்ரரி என்ற வரியை நீங்கள் எழுதாவிட்டால், அது விஎம்_குளோபல்_லைப்ரரி.விஎம் என்ற கோப்பைத் தானாகத் தேடும். முதல் இரண்டு எழுத்தும் பெரிய எழுத்து. நான் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் வைத்திருந்தேன். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது, லினக்ஸ் விடாது. அதைவிட மோசம், தானாகத் தேடிய கோப்பு கிடைக்காவிட்டால் வெலோசிட்டி பெரிதாகச் சத்தம் போடாது. லொக்கை (நிகழ்வுப் பதிவை) டிபக் அளவுக்கு, அதாவது மிக விரிவாகத் திறந்தால்தான் ஒரு வரி தெரியும். ஆகவே வெலோசிட்டி.ப்ரொப்பர்ட்டீஸ் கோப்பில் லைப்ரரியின் பெயரை நீங்களே எழுதிவிடுங்கள். அப்போது கோப்பு இல்லையென்றால் தொடங்கும்போதே பிழை லொக்கில் வரும். ஒன்றுக்கு மேல் இருந்தால் இடையில் காற்புள்ளி போடுங்கள்.

பெயருக்கு முன்னால் முழுப் பாதையையும் ஒட்டாதீர்கள். ஃபைல் லோடரின் (கோப்புகளைத் தேடி எடுக்கும் பகுதியின்) பாதை எதுவோ அதிலிருந்துதான் அது தேடும். அந்தப் பாதையையும் நீங்கள் எழுதாவிட்டால் அது வெறும் புள்ளி, அதாவது டொம்கெட்டை (செயலியை ஓட்டும் ஜாவா சேர்வரை) எந்த அடைவிலிருந்து கிளப்பினீர்களோ அந்த இடம். கையால் கிளப்பினால் ஓடும், சேர்வர் தானாக எழும்பினால் ஓடாது என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

பெயரைத் திருத்தியதும் செயலியை மறுபடி தொடங்குங்கள். லைப்ரரி தொடக்கத்தில் ஒருமுறைதான் வாசிக்கப்படும். உங்கள் லாப்டொப்பில் ஓட்டோரீலோட் என்பதை ட்ரூ ஆக்கி, லோடரின் கேஷை ஃபோல்ஸ் ஆக்கினால் அந்தச் சிரமம் இல்லை. சேர்வரில் அப்படி விட்டுவைக்க வேண்டாம்.

இன்னொன்று: ஒரு பக்கத்துக்குள்ளேயே அதே பெயரில் மெக்ரோ எழுதினால் லைப்ரரியில் உள்ளதுதான் வெல்லும், இயல்பான அமைப்பு அப்படி. வேறு பெயர் வைப்பதே நல்லது.

1.7இலிருந்து 2.0க்கோ அதற்கு மேலோ போகிறவர்கள் மாறியின் பெயரில், அதாவது $ போட்டு எழுதும் பெயரில், இடைக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். '$சம்பள-வரி' போன்ற பெயர் அங்கே இயல்பான அமைப்பில் உடையும். அடிக்கோடுக்கு மாறிவிடுங்கள்.

கடைசியில் எழுத்து. லைப்ரரிக்குள் "மொத்தக் கொழுந்து" என்று தமிழிலேயே தலைப்பு வைத்திருந்தேன். # போனதும் அந்த இடத்தில் கோணல் மாணலான லத்தீன் எழுத்துகள் வந்தன. வெலோசிட்டி 1.7, சொல்லாவிட்டால், கோப்பை ஐஎஸ்ஓ-8859-1 (தமிழ் இல்லாத லத்தீன் எழுத்துக் குறியாக்கம்) என்று நினைத்துத்தான் வாசிக்கும். இன்புட்.என்கோடிங் வரியில் யுடிஎஃப்-8 என்று போட்டதும் சரியானது. ஒரே ஒரு ஆளின் சீட்டை மட்டும் அச்சிட்டு, கணக்கப்பிள்ளையிடம் காட்டி, அவர் செக்ரோலோடு (தோட்டத்து வேலைநாள், சம்பளப் பதிவேட்டோடு) ஒப்பிட்டுச் சரி என்ற பிறகுதான் மீதிச் சீட்டுகளை அனுப்பினேன்.