வளாகத்தில் பிளையர்ஸ் (துண்டறிக்கை) கொடுக்கப் போகும் புது மாணவர்களுக்கு

மேற்படிப்புக்குக் கோலாலம்பூர் வந்து தமிழ் மாணவர் சங்கத்தில் சேர்ந்தால், முதலில் தலையில் விழும் வேலை இதுதான்: "பொங்கல் விழா வருது, இந்தப் பிளையர்ஸக் கொடுத்துட்டு வாங்க." பிளையர்ஸ் கட்டைக் கையில் வாங்குமுன் ஒன்று கேளுங்கள். ஒப்புதல் முத்திரை விழுந்துவிட்டதா?

அரசுப் பல்கலைக்கழகங்களில் மாணவர் அமைப்புகள் 1971-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்துக்கு உட்பட்டவை, பேச்சுவழக்கில் 'ஆக்கு' (AUKU). ஒப்புதலுக்கு எச்.இ.பி. எனப்படும் மாணவர் விவகாரப் பிரிவுக்குப் போக வேண்டும். அச்சடித்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு வரி மாற்றச் சொன்னாலும் அத்தனையும் பழைய பேப்பர்தான்.

தலைப்பு தமிழில் இருக்கட்டும். நாள், நேரம், இடம் மூன்றையும் மலாயிலும் போடுங்கள். மலாய், சீன நண்பர்களுக்காக மட்டுமல்ல. மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்த உள்ளூர்த் தமிழரில் பலருக்குத் தமிழ் சரளமாகப் பேச வரும், வாசிக்க வராது. "தமிழ் தெரியாதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அந்த ஆள் பிறகு சங்கப் பக்கமே தலைகாட்டமாட்டார். பார்த்தால் தமிழர்போல இருப்பவர் தெலுங்கராகவோ மலையாளியாகவோ இருக்கலாம்; அவரையும் கூப்பிடுங்கள். சாப்பாடு சைவம் என்றால் அதைப் பெரிதாகவே போடலாம். ஆனால் சான்றிதழ் இல்லாமல் ஜாக்கிம் (அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) ஹலால் முத்திரையை அச்சிடுவது குற்றம். சாமி படமும் வேண்டாம், வாசலிலேயே மிதிபடும்.

நூலக வாசலில் எல்லாச் சங்கமும் நிற்கும். அங்கே ஓட்டமாக வருபவர் கையில் திணித்தால் அடுத்த குப்பைத்தொட்டி வரைதான் ஆயுசு. என்னைக் கேட்டால் பேருந்து நிறுத்தம்தான் நல்ல இடம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் எல்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்குப் பஸ் பார்த்து நிற்பவருக்கு வேறு வேலையில்லை, வாங்குவார், படிப்பார், "சாப்பாடு உண்டா அண்ணே?" என்றும் கேட்பார். அப்படிக் கேட்டவர் அநேகமாக வந்துவிடுவார். வலக்கையால் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம், வளாகம் காலியாகிவிடும், போகாதீர்கள். பிற்பகல் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை கைவசம் இருக்கட்டும்.

வளாக வாசலைத் தாண்டினால் அந்த எச்.இ.பி. ஒப்புதல் முத்திரை செல்லாது. யாராவது டியூஷன் சென்டருக்குப் பிளையர்ஸ் கொடு, நாளுக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். மாணவர் பாஸில் (வெளிநாட்டு மாணவருக்கான அனுமதி) இருப்பவர் பகுதிநேர வேலை செய்யலாம்தான். ஆனால் ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில், வாரம் 20 மணி நேரத்துக்குள், உணவகம், பெட்ரோல் நிலையம், மினி மார்க்கெட், ஹோட்டல் ஆகியவற்றில் மட்டும், அதுவும் அனுமதி பெற்று. இந்தப் பட்டியலில் பிளையர்ஸ் இல்லை.